வாசலில் விட்ட செருப்புகள்

ஆலமரத்தடியில் ஒரு சின்னக் கதவு தானாகத் திறந்தது. உள்ளே பொன்னாக மின்னும் தோட்டம். பிள்ளைகள் பாடும் சத்தம்.

"கோயில் மாதிரி இருக்குடா, செருப்பைக் கழட்டு," என்ற பூவிழி, தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடினாள். கதவு சாத்திக்கொண்டது.

"இதோ வந்துடுவாங்க," என்றது தம்பியின் நீலச் செருப்பு.

அக்காவின் சிவப்புச் செருப்புக்கு என்னவோ போலிருந்தது. உள்ளே கேட்ட பாட்டில் புதிதாக இரண்டு குரல்கள் சேர்ந்திருந்தன. அது சுற்றுமுற்றும் பார்த்தது. புல்லுக்குள் எத்தனையோ செருப்புகள் கிடந்தன. எல்லாமே சின்னப் பாதங்களுக்கானவை. பக்கத்திலிருந்த மரச்செருப்பைக் கறையான் பாதி தின்றிருந்தது.

"நீங்க வந்து ரொம்ப நாளாச்சா?" என்று அதனிடம் கேட்டது சிவப்புச் செருப்பு.

"சேச்சே, இப்பத்தான் வந்தோம்," என்றது மரச்செருப்பு. "எங்க பிள்ளைங்க இதோ வந்துடுவாங்க."