பெனிட்டாவின் கழுத்துப்பட்டை

மரபணுவில் ஒரு துண்டு இல்லாமல் பிறந்தவள் பெனிட்டா. அதிகம் பேசமாட்டாள், மிக்சி ஓடினால் காதைப் பொத்திக்கொள்வாள். அப்படிப் பிறந்தவர்கள் மூர்க்கமாகிவிடுவார்கள் என்று அரசு அவர்கள் எல்லோர் கழுத்திலும் பட்டை மாட்டியிருந்தது. கோபம் தலைக்கேறினால் பட்டை ஊசி குத்தி மயக்கிவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா சேவியர் குடித்துவிட்டு வந்து, அம்மா ரெஜினாவின் தலையைச் சுவரில் மோதினார். தடுக்க ஓடிய பெனிட்டா பாதியிலேயே மயங்கி விழுந்தாள். கண் விழித்தபோது அம்மாவின் முன்பல் தரையில் கிடந்தது.

ரெஜினா கத்தரிக்கோலை எடுத்து மகளின் பட்டையை வெட்டினாள். அதைப் பார்த்த சேவியர் பெல்ட்டை உருவிக்கொண்டு மறுபடி பாய்ந்தார். பெனிட்டா அம்மிக்குழவியைத் தூக்கி அவர் மணிக்கட்டில் ஓங்கி அடித்தாள். எலும்பு முறிந்தது.

பட்டை அறுந்த தகவல் ஸ்டேஷனுக்குத் தானாகவே போய், போலீஸ் வந்துவிட்டது.

"நாந்தான் சார் அடிச்சேன்," என்றாள் ரெஜினா, வாயெல்லாம் ரத்தமாக.

"இல்ல, நான். ஒருதடவதான் அடிச்சேன். அப்பா தெனமும் அடிப்பாரு," என்றாள் பெனிட்டா.

ஏட்டு புதுப் பட்டை ஒன்றைப் பிரித்து அவள் கழுத்தில் பூட்டினார்.

"அந்தாளுக்கு மாட்டுங்க சார்!" என்று ரெஜினா அலறினாள்.

"அவருக்கு எப்படிம்மா மாட்ட முடியும்? அவரு மரபணு சரியாத்தான இருக்கு?"