பெரிய மனுசங்க முன்னால

சூலூர் பஸ் வழக்கம்போலக் கழுத்தறுத்ததால், பிசியோதெரபிஸ்ட் மெர்சி ஆஸ்பத்திரி ஹாலுக்குள் நுழைந்தபோது சோதனை முடிந்து, கைதட்டிய பெரிய மனிதர்களும் கிளம்பிப் போயிருந்தார்கள்.

"மிஸ் பண்ணீட்டீங்க மேடம்!" பல்லெல்லாம் தெரிய ஹர்ஷா போனை நீட்டினான். பக்கவாதம் வந்த கைக்கு லேசாகக் கரண்ட் கொடுத்து அசையவைக்கும் உறையைத் தயாரித்த கம்பெனியின் மேனேஜர் அவன்.

வீடியோவில், உறை மாட்டிய கையை நெற்றிவரை தூக்கி வணக்கம் வைத்தார் மெர்சியிடம் பயிற்சி எடுக்கும் நோயாளி காளிச்சாமி. ஆறு மாதமாக விரல்கூட அசையாத கை! மெர்சி சந்தோஷமாக மறுபடி பார்த்தாள். சிரிப்பு செத்துப்போனது. ஓரமாக உட்கார்ந்திருந்த காளிச்சாமியிடம் போனாள்.

"ஏனுங்கய்யா, உங்களுக்கு வராதது எடது கையில்லீங்களா? சோத்துக்கையை எதுக்குங்க குடுத்தீங்க?"

காளிச்சாமி கூசிப்போனார். "கையை நீட்டச் சொன்னாங்க அம்மணி. அத்தனை பெரிய மனுசங்க முன்னால பீச்சாங்கையைத் தூக்கி நீட்டுனா மருவாதியாங்க?"

மெர்சி ஹர்ஷாவிடம் திரும்பினாள். "சார், சரியான கையில மாட்டி மறுபடி எடுங்க."

"அது அசையலீன்னா?" ஹர்ஷா கூசாமல் போனைத் தட்டினான். "கண்ணாடியில தெரியற மாதிரி படத்தைத் திருப்பிப்போட்டாப் போச்சு."



சாயங்காலத்துக்குள் வீடியோ கோயமுத்தூர் முழுக்கச் சுற்றியது. சட்டைப்பை வலப்பக்கம் போயிருந்ததை ஒருத்தரும் கவனிக்கவில்லை. அதில் காளிச்சாமி, அத்தனை பெரிய மனிதர்களுக்கும் பீச்சாங்கையால் வணக்கம் வைத்துக்கொண்டிருந்தார்.