கப்பலின் அடுப்பங்கரையில் ஒரு பிழை

"கதை பிரமாதம். ஆனா ஒரே ஒரு பிழை இருக்கு தம்பி" என்றார் கண்ணுச்சாமி சார்.

கதை எழுதிய பொன்னுராஜ் அவர் வீட்டுப் போர்ட்டிகோ முன்னால் நின்றுகொண்டிருந்தான்.

வால் நட்சத்திரத்தைப் பார்க்க ராஜபாளையமே மொட்டை மாடி ஏறி, பாதிப் பேர் தெருவிளக்கைப் பார்த்துவிட்டு இறங்கிய வருஷம் அது. அந்தச் சூட்டோடு சூடாக அறிவியல் மன்றத்தில் விண்வெளிக் கதைப் போட்டி வைத்துவிட்டார்கள். நடுவர் கண்ணுச்சாமி சார். காலேஜில் பிசிக்ஸ் நடத்தி ரிட்டயர் ஆனவர். மூடநம்பிக்கை என்றால் ஆகவே ஆகாது. கிரகணத்தன்று வேண்டுமென்றே வாசலில் நின்று வடை தின்கிற மனுஷன்.

பொன்னுராஜ் தேவதானத்துக்காரன். மில்லில் எலெக்ட்ரீசியன். முதல் பரிசுக் கதை ஆண்டு மலரில் அச்சாகும். கதையில் வரும் விண்வெளிக் கப்பலில் சமைக்கிற பொம்பளைக்குத் தன் அம்மா பேரைத்தான் வைத்திருந்தான். "ஒம் பேரு புஸ்தகத்துல வரப்போவுதும்மா" என்று வீட்டில் சொல்லிவிட்டு வேறு வந்திருந்தான்.

"நிக்கீங்களே, உக்காருங்க."

போர்ட்டிகோ படியில் உட்கார்ந்தான். எதிர் நாற்காலியில் பேப்பர் கிடந்தது. சார் அதை எடுக்கவில்லை.

"பிழைன்னா, வேகமா சார்? கப்பல் ஒளியை விட ஜாஸ்தியாப் போவுதே, அதுவா?"

"சேச்சே! கதைன்னா கொஞ்சம் முன்னப் பின்ன இருக்கத்தான் செய்யும். அதை ஒத்துக்கிட்டேன்."

"கப்பல் சுத்திக்கிட்டே போறது?"

"ராட்டினம் மாதிரி சுத்துனாத்தான கால் தரையில நிக்கும்? அசல் பிசிக்ஸ்!"

"காத்து வடிகட்டியில தெனம் பஞ்சு அள்ளுறது?"

"மில்லுல பாத்ததை எழுதிருக்கீங்க. துணி உடுத்துனா தூசு பறக்கத்தான செய்யும்? வேற எவனுக்கும் இது தோணல. அம்புட்டுப் பேரும் லேசர் துப்பாக்கியைத் தூக்கிட்டு அலையுதான்."

சாரின் மனைவி பரிபூரணம் காபி கொண்டு வந்தார். சாருக்கு எவர்சில்வர் டம்ளர். பொன்னுராஜுக்கு வழக்கம் தெரியும். எழுந்து போய், தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் தனியாகக் கவிழ்த்திருந்த கண்ணாடி கிளாஸை எடுத்துக் கழுவிக்கொண்டு வந்து நீட்டினான். அந்தம்மா உயரத் தூக்கி ஊற்றினார். பழகின கை, ஒரு சொட்டு சிந்தவில்லை.

"அப்ப ஒண்ணுக்கைச் சுத்தம் பண்ணித் தண்ணியாக் குடிக்காங்களே, அதை எடுத்துரட்டுமா சார்?"

"அய்யய்யோ, எடுத்துராதீங்க! கதைக்கு உசுரே அதுதான். நூறு பேரு மூத்திரமும் ஒண்ணாக் கலந்து, காய்ச்சி, வடிச்சு, அதையே நூறு பேரும் குடிக்காங்க. அறிவியல் வந்துட்டா அருவருப்பு ஏது? நானா இருந்தா ஒரே மடக்குல குடிச்சிருவேன்."

சொல்லிவிட்டு காபியை ஒரு மடக்கு குடித்தார்.

"அப்ப எதுதான் சார் பிழை?"

சார் குரலைத் தாழ்த்தினார். "அடுப்பங்கரை."

"கரண்ட் அடுப்புதான சார் வச்சிருக்கேன்?"

"அடுப்பு கிடக்கட்டும். சமைக்கிறது யாரு? கீழத்தெரு முத்தாத்தாள்னு தெருவையும் சேத்து எழுதிருக்கீங்க. அவ பொங்கிப் போடுறதைக் கேப்டன்ல இருந்து கூட்டுறவன் வரைக்கும் ஒரே வரிசையில உக்காந்து சாப்பிடுதான். ஒருத்தன் மூஞ்சி சுளிக்கல. இந்தா பாருங்க, நான் பேதம் பாக்குற ஆளு இல்ல. உங்களுக்கே தெரியும்."

பொன்னுராஜ் கையிலிருந்த கிளாஸைப் பார்த்தான். "தெரியும் சார்."

"ஆனா படிக்கிறவன் நம்பணும்ல? யதார்த்தம்னு ஒண்ணு இருக்குல்ல? அந்தப் பேரை மட்டும் மாத்திருங்க. இல்லையா, கப்பல் பெருசுதான, ரெண்டு சாப்பாட்டு ரூம் வச்சிருங்க. முதல் பரிசு உங்களுக்குத்தான். இப்பவே சொல்லிருதேன்."

வீட்டில் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும் அம்மாவிடம் என்ன சொல்வது?

காபியைக் குடித்து முடித்தான். கிளாஸைக் கழுவி, எடுத்த இடத்திலேயே கவிழ்த்தான். கையைத் துடைத்துவிட்டுக் கதையைத் திருப்பி வாங்கிக்கொண்டான்.

"மாத்த முடியாது சார்."

"என்ன தம்பி இது, சின்னப்பிள்ள மாதிரி! நீங்களே சொல்லுங்க, இது நடக்கிற காரியமா?"

"இங்க நடக்காதுன்னு எனக்கும் தெரியும் சார். அதான் கப்பலை அம்புட்டுத் தூரம் அனுப்பிருக்கேன்."