காணாமல் போகும் டிஸ்க்

பெரியவர் சென்னிமலையின் வீட்டுக் கம்ப்யூட்டரை ஆன் செய்தால் இரண்டாவது ஹார்ட் டிஸ்க் ஒரு நாள் தெரியும், மறுநாள் தெரியாது. மெக்கானிக் அலெக்ஸ் வயரை மாற்றிப் பார்த்தான். பவர் சப்ளையையும் மாற்றினான். அவன் வந்து ஆன் செய்யும்போது மட்டும் டிஸ்க் ஒழுங்காக வந்து நின்றது.

"நீங்க போனதும் மறுபடி காணாமப் போயிருதுங்க தம்பி" என்று சொல்லிவிட்டு, அவனுக்கு இளநீர் வெட்டத் தோட்டத்துக்குப் போனார் சென்னிமலை.

அவர் மனைவி பாவாயி மெல்ல அருகில் வந்தாள்.

"நாந்தான் சாமி வயரப் புடுங்கி உட்டர்றேன். நீங்க வர்றப்ப மறுபடி சொருகி வெச்சர்றேன்."

"ஏனுங்கம்மா?"

"எங்க பையன் வீடியோ பூரா அதுலதான் இருக்குது. அவன் ஆக்சிடெண்டுல தவறுனதுக்கப்புறம், அது தெரியற அன்னிக்கெல்லாம் இவரு சோறே திங்கறதில்லீங்க."

அலெக்ஸ் ஸ்குரூ டிரைவரைப் பையில் போட்டான். சென்னிமலை திரும்பி வந்ததும், "டிஸ்க்குக்கு வயசாயிருச்சுங்க. தெனமும் ஓட்டுனா மொத்தமாப் போயிரும். ஞாயித்துக்கெழம மட்டும் போட்டுப் பாருங்க" என்றான்.

சென்னிமலை இளநீரை அவன் கையில் கொடுத்தார். பிறகு பாவாயியிடம் திரும்பினார்.

"அன்னிக்கு மட்டும் வயரப் புடுங்காம உடு. நீயும் வந்து பக்கத்துல உக்காரு."