மேடத்துக்குப் பட்டாம்பூச்சி பிடிக்கும்

"மெல்ல நட! புழு சாப்பிட்டுட்டிருக்கு."

எலுமிச்சைச் செடியின் முன் குனிந்திருந்த ஸ்டோர்ஸ் ஆபீசர் மனைவியை அதட்டினார்.

"நான் சாப்பிட்டேனான்னு ஒரு நாளாவது கேட்டிருக்கீங்களா?" என்றாள் அவள்.

புதிதாக வந்த டைரக்டரின் மனைவிக்குப் பட்டாம்பூச்சி என்றால் உயிர் என்று காதில் விழுந்த நாளிலிருந்து மனிதர் இப்படித்தான். வீட்டின் முன்னால் இருந்த துணிக்கொடியை அவிழ்த்து எறிந்துவிட்டு, அந்த இடத்தில் எருக்கு நட்டார். மருந்தே அடிக்காமல் புழுக்களைச் சீராட்டி வளர்த்தார். பட்டாம்பூச்சிகள் உறிஞ்சுவதற்காகச் சேறு குழைத்து வைத்தார், தட்டில் அழுகிய வாழைப்பழம் வைத்தார்.

எல்லாம் மேனேஜர் பதவிக்காக. அதற்கு இவருக்கும் பர்ச்சேஸ் ஆபீசருக்கும்தான் போட்டி. அந்த அப்பாவி, வேலை செய்தே பதவியைப் பிடித்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

"அந்தம்மா ஒரு தடவை வந்து பார்த்தாப் போதும், சீட்டு எனக்குத்தான். அப்புறம் உனக்கு எத்தனை கொடி வேணும், சொல்லு, கட்டித் தரேன்."

"கொடி கிடக்கட்டும். முதல்ல இந்த வாழைப்பழ நாத்தம் போகட்டும்!"

ஞாயிற்றுக்கிழமை டைரக்டரும் மனைவியும் வந்தார்கள். தோட்டம் முழுக்க மஞ்சளும் ஆரஞ்சுமாகப் பட்டாம்பூச்சிகள். ஒன்று அந்த அம்மாளின் தோளிலேயே போய் உட்கார்ந்தது. ஸ்டோர்ஸ் ஆபீசருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

"என்னங்க, இங்க பாருங்களேன்!" அந்த அம்மாள் சின்னப் பிள்ளை மாதிரி குதித்தாள். "எனக்கு இங்கிருந்து போகவே மனசு வரல."

"எல்லாம் மேடத்தை நினைச்சு வச்சதுதான்" என்று குழைந்தார் ஆபீசர். உள்ளே மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

டைரக்டர் உருகிப்போனார். "இவ்வளவு அக்கறையா ஒரு காரியத்தைச் செய்யற ஆளை இப்பதான் பார்க்கறேன். நான் முடிவு பண்ணிட்டேன்."

"சார்!" ஆபீசர் கை கூப்பினார்.

"எங்களுக்கும் கெஸ்ட் ஹவுஸ் சலிச்சுப்போச்சு. கம்பெனி குவார்ட்டர்ஸ்தானே இது? அடுத்த வாரமே நாங்க இங்க குடி வந்துடறோம். உங்களுக்குப் பின் தெருவுல, மூணாவது மாடியில ஒரு வீடு காலியா இருக்கு."

"சார்... அந்த மேனேஜர் போஸ்ட்?"

"அதை பர்ச்சேஸ் ஆபீசருக்குக் கொடுத்துடலாம். பாவம், உங்களுக்குத்தான் காலையும் சாயங்காலமும் இங்க வந்து தண்ணி ஊத்தவே நேரம் சரியா இருக்குமே!"