முள் நின்ற இடம்

ஒரு கணினிக்குள் பூட்டிய செய்திகளைத் திறந்து சொல்வதே பிழைப்பாக மூவர் இருந்தார்கள். செய்தியை வாங்கி வைக்கும் தொட்டி, அதைக் கொட்டும்போதும் அள்ளும்போதும் உள்ளே நகர்கிற முள், பூட்டைத் திறக்கும் சாவி. முள் நிற்கும் இடத்துக்கு அப்பால் இருப்பதைத்தான் சாவியால் அள்ள முடியும். சாவிக்கு மூக்குக்கு மேலே கோபம்.

அன்றைக்கு ஒரு செய்தி வந்து தொட்டி நிறைந்தது. ஆனால் சாவி கையை விட்டுத் துழாவியும் ஒன்றும் அகப்படவில்லை.

"காலித் தொட்டியைக் காட்டி யாரை ஏய்க்கிறே? முதலாளி கேட்டா என் பேரு என்ன ஆவுறது?" என்று குதித்தது.

"கழுத்து வரைக்கும் இருக்கு அண்ணாச்சி," என்றது தொட்டி.

"அப்போ முள்ளு எங்கேடா?"

"கடைசி எழுத்துகிட்ட அண்ணாச்சி," என்றது முள். " கொட்டி முடிச்ச இடத்துலயே நிக்கிறேன். எனக்கு அப்பால ஒண்ணும் இல்லை, அதான் உங்களுக்குக் கிடைக்கலை."

"திரும்பி முதலுக்குப் போக வேண்டியதுதானே!"

"போன்னு யாரும் சொல்லலையே."

"நான் சொல்றேன், போய்த் தொலை!"

முள் முதல் எழுத்துக்கு ஓடியது. "நான் இல்லாமல் இங்கே ஒரு துரும்பு அசையாது" என்று பீற்றிக்கொண்டே சாவி எழுத்தெழுத்தாகத் திறக்க, முள்ளும் கூடவே நகர்ந்து மறுபடி கடைசிக்கு வந்தது. செய்தி விரிந்தது.

'இந்தச் சாவி பழசாகிவிட்டது. படித்ததும் தூக்கி எறிந்துவிட்டுப் புதுச் சாவி போடவும்.'

"என்ன செய்தி?" என்று வெளியே முதலாளியின் குரல் கேட்டது.

சாவி குழைந்தது. "தம்பி முள்ளு, என் தங்கமில்லே, பழையபடி கடைசியிலேயே நில்லுப்பா, முதலுக்குப் போயிடாதே." பிறகு வெளியே பார்த்துக் கத்தியது: "ஒண்ணுமே இல்லை முதலாளி! தொட்டி காலி!"

அந்த நேரம் பார்த்துத் தொட்டிக்குப் பெரிய ஏப்பம் ஒன்று வந்தது.