சூடு காட்டிய ரத்தம்

ஆஸ்பத்திரி தனி வார்டிலிருந்து செபாஸ்டியன் வாட்ஸ்அப் அனுப்பியிருந்தான். "லிவர் ரிசல்ட் நார்மல். குடிய விட்டுட்டேன் கிறிஸ்டல். வீட்டுக்கு வரட்டா?"

கிறிஸ்டல் திரும்பத் திரும்பப் படித்தாள். குடியால்தான் போன வருஷம் புருஷனை வெளியே போகச் சொன்னாள். அன்றிலிருந்து, ஜெலுத்தோங் ஃபிளாட்டில் ஒரு குரலாவது கேட்கட்டும் என்று டிவியை ஓடவிட்டுத்தான் சமைக்கிறாள்.

ஆனால் அவள் வேலை பார்ப்பது அதே ஆஸ்பத்திரி லேப்பில். கோவிட் சந்தேகத்தில் தனி வார்டில் இருப்பவர்களின் ரத்தத்தை, கிருமி சாகட்டும் என்று, ஐம்பத்தாறு டிகிரி சூட்டில் வைத்த பிறகுதான் அங்கே சோதிப்பார்கள். அந்தச் சூட்டில் கிருமியோடு கல்லீரல் நொதிகளும் அடிபட்டுப்போகும். குடியால் ஏறிக்கிடக்கும் நம்பர் இறங்கித் தெரியும். ரிப்போர்ட்டின் அடியில் பொடி எழுத்தில் அதைப் போட்டுத்தான் அனுப்புகிறார்கள். யார் படிக்கிறார்கள்?

கூட வேலை பார்க்கும் லைலா சிரித்தாள். "சூடு காட்டினா குடிகாரன் ரத்தமும் சாமியார் ரத்தமாத்தான் தெரியும் லா, அக்கா."

தொற்று இல்லை என்று செபாஸ்டியனை வார்டிலிருந்து அனுப்பினார்கள். கொஞ்ச நாள் போகட்டும் என்று பொறுத்திருந்து, சூடு காட்டாமல் இன்னொரு தடவை ரத்தம் பார்க்கணும் என்றாள் கிறிஸ்டல். ஏதாவது சாக்குச் சொல்வான் என்றுதான் நினைத்தாள். அவனோ வெல்ட் கீ தெரு வாடகை அறையிலிருந்து பஸ் பிடித்து லேப்புக்கு வந்து, சட்டையை மடித்துக் கையை நீட்டினான்.

சாயங்காலம் மெஷின் நம்பரைக் காட்டியது. இருக்கவேண்டியதைப்போல மூன்று மடங்கு.

லைலா எட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். கிறிஸ்டல் ரிப்போர்ட்டை மடித்துப் பைக்குள் வைத்தாள். இத்தனை வருஷ வேலையில் ஒரு புள்ளியைக்கூட மாற்றிச் சொல்லாதவள் அவள்.

வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள். மேல் வீட்டில் யாரோ யாரையோ சாப்பிடக் கூப்பிடும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, போனை எடுத்து செபாஸ்டியனைக் கூப்பிட்டாள்.

"நார்மல்தான். கிளம்பி வாங்க."

அந்தப் பக்கம் செபாஸ்டியன் மெதுவாகச் சொன்னான்.

"பொய் சொல்லாத கிறிஸ்டல், நேத்தும் குடிச்சேன்."